கர்ரி மணல் தீவில் ஜீப் ஓட்டி முகாம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டிக் கிடக்கிறது கர்ரி தீவு. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் ஒரே ஜீப்பில் ஏறி, மாறி மாறி ஓட்டி, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கிவிட்டு வருவது, முதுகுப் பையோடு சிக்கனமாக ஊர் சுற்றும் பேக்பேக்கர்களிடம் பல காலமாக இருக்கும் பழக்கம். இப்போது படிக்க வந்த நம் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். 18 முதல் 30 வயது வரையிலான இந்தியர்களுக்கு 2024 முதல் குலுக்கல் முறையில் வேலை, விடுமுறை இரண்டுக்குமான விசா தருகிறார்கள். அதில் வந்தவர்களும் போகிறார்கள். கிளம்பும் முன் அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை.

கர்ரி, ஃப்ரேசர் தீவு இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். கர்ரி என்பது அந்த மண்ணின் மக்களான புச்சுல்லாக்கள் வைத்த பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'கே' வரும், அதை உச்சரிப்பதில்லை. 1836-இல் கப்பல் உடைந்து இங்கே கரையேறிய எலிசா ஃப்ரேசர் என்ற பெண்ணும் அவருடைய கணவரான கப்பல் தலைவரும்தான் அந்த இன்னொரு பெயருக்குக் காரணம். தன்னோடு இருந்த புச்சுல்லாக்களைப் பற்றி எலிசா பிறகு சொன்ன கதைகள் அந்த மக்களுக்குப் பெரிய கெட்ட பெயரைத் தேடித் தந்தன. 2023 ஜூனில் அரசு பழைய பெயரையே அதிகாரபூர்வமாகத் திரும்பக் கொடுத்தது. வழிகாட்டிப் பலகைகளிலும் கம்பெனிப் பெயர்களிலும் இன்னும் ஃப்ரேசர் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

மணல் தீவு என்றால் பாலைவனம் மாதிரி இருக்குமா?

அப்படி நினைத்துப் போகிறவர்கள்தான் அசந்து நிற்கிறார்கள். 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், உலகிலேயே பெரிய மணல் தீவு. ஆனால் அந்த மணலின் மேல் மழைக்காடு நிற்கிறது. இங்கே வளரும் சாட்டினே என்ற மரம் கடல் நீரைத் தாங்கும் என்பதால், சூயஸ் கால்வாய்ப் பணிக்குக்கூட இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். மரம் வெட்டுவது 1991-இல் நின்றது. அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தீவு இடம்பெற்றது.

மணலில் ஏரி எப்படி நிற்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இலைதழை விழுந்து மக்கி, மணலோடு இறுகி, தண்ணீர் கீழே இறங்காத ஓர் அடுக்காகிவிடுகிறது. அதன் மேல் மழைநீர் தங்கிவிடும். நிலத்தடி நீர்மட்டத்துக்கும் அந்த ஏரிக்கும் தொடர்பில்லை. உலகில் இப்படிப்பட்ட ஏரிகளில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே தீவில் இருக்கின்றன.

நாங்களே ஜீப் வாடகைக்கு எடுத்துப் போகலாமா, குழுவோடு சேர வேண்டுமா?

இரண்டு வழியும் உண்டு. பேக்பேக்கர்கள் பெரும்பாலும் எடுப்பது வழிகாட்டியின் பின்னால் போகும் பயணம். நாலைந்து ஜீப்புகள் வரிசையாகப் போகும், முதல் ஜீப்பில் வழிகாட்டி இருப்பார், பின்னால் வருகிறவற்றை நீங்கள் ஓட்டுவீர்கள். உணவு, கூடாரம், படகுக் கட்டணம், அனுமதிச் சீட்டு எல்லாம் பொதுவாக அதிலேயே அடங்கிவிடும். எது அடங்காது என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் பேக்பேக்கர்கள் தங்கும் ஹாஸ்டல்களில் ஒரு வீடியோ போட்டுக் காட்டிவிட்டு, பதினொரு பேரை ஒரு ஜீப்பில் ஏற்றிச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தலைக்கு மேல் மூட்டை, பக்கவாட்டு பெஞ்சில் ஆட்கள். இப்படிப் போன வண்டிகள் கடற்கரையில் உருண்டு இளைஞர்கள் இறந்தார்கள். 2009-ஐ ஒட்டி நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் வேக வரம்பு, ஆட்களின் எண்ணிக்கை, கூரையில் சுமை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. இவ்வகை ஜீப்புகள் உயரமானவை, கனமானவை. மணலில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் கவிழ்ந்துவிடும்.

மணலில் ஒருமுறைகூட ஓட்டாதவர் என்றால் வழிகாட்டியோடு போவதுதான் என் யோசனை. நம் ஊர் மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் இங்கே பெரிதாக உதவாது.

சாதாரண வாடகைக் கார் கம்பெனியில் எஸ்யூவி எடுத்தால் போதுமா?

போதாது. நாலு சக்கரமும் இழுக்கும், அடிப்பாகம் உயரமாக இருக்கும் வண்டி வேண்டும். அது இருந்தாலும், பெரும்பாலான சாதாரண ஒப்பந்தங்களில் கடற்கரையில் ஓட்டக் கூடாது என்று எழுதியிருக்கும். மீறினால் காப்பீடு செல்லாது. தீவுக்கென்றே வாடகைக்கு விடுகிறவர்களிடம் எடுங்கள். அவர்கள் காப்பீட்டிலும் உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டால் உங்கள் செலவு என்றுதான் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்திய லைசென்ஸ் செல்லுமா?

சுற்றுலாவாக வந்தவருக்கு, ஆங்கிலத்தில் அச்சிட்ட செல்லுபடியான லைசென்ஸ் போதும். நம் ஸ்மார்ட் கார்டு அப்படித்தான் இருக்கிறது. கம்பெனிகள் பெரும்பாலும் 21 வயது ஆனவர்களை மட்டுமே ஓட்ட விடும். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது.

ஒரு நாளில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

இதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, கடல்தான் முடிவு செய்யும். பயணமே இதைச் சுற்றித்தான் நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிழக்குக் கரையில் இருக்கும் எழுபத்தைந்து மைல் கடற்கரைதான் தீவின் நெடுஞ்சாலை. கடல் வற்றும்போது ஈரமும் இறுக்கமுமான மணல் வெளியே தெரியும், அதில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். கடல் ஏறிவிட்டால் அந்தச் சாலை தண்ணீருக்குள் போய்விடும். மிச்சமிருப்பது மேட்டோரத்துப் பொலபொல மணல். அதில் மாட்டிக்கொண்டு, பின்னால் அலை நெருங்கி வருவதைப் பார்த்தபடி நின்றவர்கள் நிறையப் பேர். ஜீப்பை அலைக்குப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

கணக்கு எளிது. கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி. அதற்குள்தான் கடற்கரைப் பயணம். வற்றுவது காலை 9 மணிக்கு என்றால் 7-இலிருந்து 11 வரை உங்களுக்கு. மறுநாள் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதற்கு மறுநாள் இன்னும் 50. ஒரு நாளில் இருமுறை வற்றும் என்றாலும் இன்னொன்று பெரும்பாலும் இருட்டில் வரும். இருட்டில் ஓட்ட வேண்டாம். ஓடைகள் மணலை அரித்து வைத்திருக்கும் வெட்டுகள் பகலிலேயே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

பயணத் தேதியை முடிவு செய்யும்போது நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் பாருங்கள். அந்த நாட்களை ஒட்டிக் கடல் மிக அதிகமாக வற்றும், மிக அதிகமாக ஏறவும் செய்யும். வற்றும்போது அகலமான சாலை கிடைக்கும், தவறவிட்டால் ஒதுங்க இடமிருக்காது. கடலிலிருந்து பலமாகக் காற்றடிக்கும் நாளில், கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை வற்றம் என்று சொன்னாலும் தண்ணீர் விலகாது. அன்றைக்குப் பேசாமல் முகாமில் உட்கார்ந்து சீட்டாடுங்கள்.

மூன்று நாளில் பத்து இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வற்றும் நேரம் பார்த்தீர்களா?" என்றுதான். பார்த்தால் பட்டியல் தானாகப் பாதியாகிவிடும்.

கடற்கரையில் போக்குவரத்து விதி உண்டா?

உண்டு, போலீஸும் உண்டு, மூச்சுப் பரிசோதனையும் உண்டு. அதிகபட்ச வேகம் 80, உள்காட்டுப் பாதையில் 30. சீட் பெல்ட் கட்டாயம். இரத்தத்தில் மது 0.05 சதவீதத்தைத் தொடக் கூடாது. முதல் நாள் இரவு கூத்தடித்தவர் மறுநாள் காலை ஓட்டக் கூடாது என்று குழுவில் முன்பே பேசி வைப்பது நல்லது. எதிரே வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்று இண்டிகேட்டர் போட்டுக் காட்டுவது இங்கே வழக்கம். அப்புறம், இதே கடற்கரையில் சிறு விமானங்களும் இறங்கும். நடப்பவர்களுக்கு அலைச் சத்தத்தில் வண்டிச் சத்தம் கேட்காது, அவர்கள் பக்கத்தில் வேகத்தைக் குறையுங்கள்.

அலைக்குள் விட்டுத் தண்ணீர் தெறிக்க ஓட்டி வீடியோ எடுக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் அவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமாமே, எவ்வளவு?

தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் டயரை மணலில் 18 முதல் 20-க்கு இறக்குவார்கள். வண்டியும் சுமையும் பொறுத்து மாறும், கொடுக்கிறவர் சொல்வதைக் கேளுங்கள். காற்றுக் குறைந்தால் டயர் நீளவாக்கில் மணலில் படர்ந்து உட்காரும், பாரம் பரவி புதையாமல் போகும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி. ஆனால் காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றிவிட வேண்டும்.

ஒன்று பலருக்குத் தெரியாது: பல நாள் வெயிலடித்தால் உள்காட்டுப் பாதை மோசமாகும், மழை பெய்தால் மணல் இறுகிச் சுலபமாகும்.

சக்கரம் புதைந்துவிட்டால்?

உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பதற்றத்தில் மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டிக்கொண்டே போய், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் ஏழு பேர் தள்ளினாலும் அசையாது.

எல்லோரையும் இறக்குங்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் மணலை வாரி வழி செய்யுங்கள், வயிற்றுக்கு அடியிலும்தான். காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள். மீட்புப் பலகை இருந்தால் சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். பிறகு வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். பெரும்பாலும் இதிலேயே வெளியே வந்துவிடும்.

வேறு வண்டியில் பட்டை கட்டி இழுப்பதென்றால், இழுப்பதற்கென்று வண்டியில் பொருத்தியிருக்கும் கொக்கியில்தான் கட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறந்துவந்து ஆளைக் கொன்றிருக்கிறது. இழுக்கும்போது மற்றவர்கள் நன்றாகத் தள்ளி நிற்கட்டும். தீவுக்குத் தெற்கே பெருநிலத்தில் இருக்கும் ரெயின்போ பீச் ஊர்ப் பக்கமிருந்து வந்தால், படகு ஏறும் இன்ஸ்கிப் முனையிலேயே மணல் படுமோசம். தீவை மிதிக்கும் முன்பே புதைகிறவர்கள் ஏராளம், வேடிக்கை பார்க்க ஆளும் இருக்கும்.

டிங்கோ உண்மையில் ஆபத்தா?

ஆபத்துதான். டிங்கோ ஆஸ்திரேலியாவின் காட்டுநாய். பார்க்க நம் தெருநாய் சாயலில் ஒல்லியாக இருப்பதால் 'பாவம், பசிக்குது' என்று தோன்றும். ஒல்லியாக இருப்பதே அதன் இயல்பான உடல்வாகு. புச்சுல்லா மொழியில் வொங்காரி. வளர்ப்பு நாய்களைத் தீவுக்குள் விடாததால் கலப்பில்லாத இனமாக இன்னும் இருக்கிறது. 2001-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை இவை கொன்றன. அதற்குப் பிறகும் ஓடுகிறவர்களையும் தனியாக நின்றவர்களையும் தாக்கியிருக்கின்றன.

மனிதரிடம் சாப்பாடு வாங்கிப் பழகிய டிங்கோதான் பயம் விட்டுப்போய்ப் பாய்கிறது. கடைசியில் அதைக் கொன்றுவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் போடும் ஒரு துண்டு ரொட்டி அதற்கு மரண ஓலை. சட்டமும் கடுமை: உணவு போட்டாலோ, வெளியே விட்டுவைத்து ஈர்த்தாலோ அந்த இடத்திலேயே விதிக்கும் அபராதம் 2,000 டாலரைத் தாண்டும்.

கூடாரத்துக்குள் உணவு வேண்டாம், பற்பசைகூட வேண்டாம். எல்லாம் வண்டிக்குள்ளோ பூட்டிய பெட்டியிலோ இருக்கட்டும், குப்பையும் அப்படியே. எங்கேயும் தனியாகப் போகாதீர்கள், கழிப்பிடத்துக்கும் துணையோடு போங்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு நகரக் கூடாது. டிங்கோ நெருங்கினால் ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள், சத்தம் போட்டுத் துணை கூப்பிடுங்கள். இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் வேலி போட்ட முகாமையே எடுங்கள். டண்டுபாரா, வாடி பாயின்ட், சென்ட்ரல் ஸ்டேஷன் போன்றவை அப்படிப்பட்டவை.

முகாமில் விறகு மூட்டிச் சமைக்கலாமா?

கூடாது. டண்டுபாராவிலும் வாடி பாயின்டிலும் பூங்காத் துறை வைத்திருக்கும் வளையங்களுக்குள் மட்டும், அதுவும் நீங்களே கொண்டுவந்த அறுத்த விறகால் மூட்டலாம். 2020 அக்டோபரில் யாரோ விதியை மீறிப் போட்ட முகாம் நெருப்பைச் சரியாக அணைக்காமல் போனதில் தீ பரவி, வாரக்கணக்கில் எரிந்து, தீவில் ஏறக்குறைய பாதி கருகியது. மணலைத் தள்ளி மூடினால் தீ அணையாது, அடியில் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

சமையலுக்கு கேஸ் அடுப்பு.

சைவம் சாப்பிடுகிறவர் குழுவில் எப்படிச் சமாளிப்பது?

பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். பேக்பேக்கர் சாப்பாடு என்றால் சுட்ட இறைச்சி, பாஸ்தா, ரொட்டி. சைவம் கேட்டால் காய் பர்கர் வரும், இரண்டாம் வேளைக்கு அலுத்துவிடும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலில் எடுத்துப் போனவர் அந்தக் குழுவுக்கே செல்லப்பிள்ளை ஆவார். சோறு வடித்துக் கிளறினால் ஜெர்மன்காரரும் தட்டை நீட்டுவார். வறுத்த ரவை, ஊறுகாய், எலுமிச்சம்பழம் கெடாது. கருவாடு மட்டும் வேண்டவே வேண்டாம், வாசனைக்கு டிங்கோ வந்து நிற்கும்.

யூராங்கிலும் ஹேப்பி வேலியிலும் கடையும் பெட்ரோலும் உண்டு, விலை கூடுதல். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள்.

குளிக்க எங்கே? கடல் அழகாக இருக்கிறதே?

கடலில் வேண்டாம். ஆளை இழுக்கும் நீரோட்டம், சுறா, கோடையில் கொட்டும் ஜெல்லிமீன், உயிர்காக்கும் காவலரோ யாருமில்லை. உப்புத் தண்ணீரில்தான் நனைய வேண்டுமென்றால் வடக்கே ஷாம்பெயின் பூல்ஸ், பாறைக்குள் நுரைத்து நிற்கும் குளங்கள். அங்கேயும் அலை பெரிதாக இருக்கும் நேரத்தில் தள்ளி நில்லுங்கள்.

நன்னீருக்குக் குறைவே இல்லை. ஈலை ஓடையில் மணிக்கு சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீர் கடலுக்குப் போகிறது. மேலே நடந்துபோய்ப் படுத்துக்கொண்டால் அதுவே கரைக்குக் கொண்டுவந்து விடும். மக்கென்சி ஏரி, புச்சுல்லா பெயரில் பூராங்கூரா, எல்லாப் படங்களிலும் வருவது. வெள்ளை மணல் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. ஆனால் மதியம் போனால் பஸ் கூட்டம், காலையிலேயே போய்விடுங்கள். கரையில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் சாப்பிடவோ குடிக்கவோ அனுமதி இல்லை. சோப்பு கூடவே கூடாது. சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்காமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது, நீங்கள் விட்டது அங்கேயேதான் கிடக்கும்.

என்னைக் கேட்டால் தெற்கே பூமன்ஜின் ஏரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். தேயிலைச் சாயம் போட்ட மாதிரி சிவந்த தண்ணீர், பரப்பில் இவ்வகை ஏரிகளில் உலகிலேயே பெரியது, அங்கே போகிறவர்கள் குறைவு.

வாபி ஏரியில் மணல் சரிவிலிருந்து ஓடிவந்து தலைகுப்புறப் பாயாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடற்கரையில் கிடக்கும் அந்தத் துருப்பிடித்த கப்பல்?

மகீனோ. 1905-இல் கட்டியது, முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக ஓடியது. 1935-இல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துப் போகும்போது புயலில் கயிறு அறுந்து இங்கே ஒதுங்கியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டுப் பழகினார்கள். ஏறக் கூடாது, தகடு விழும்.

கழிப்பறை?

பெரிய முகாம்களில் உண்டு. கடற்கரை முகாம்களில் கிடையாது, எடுத்துச் செல்லும் கழிப்பறைதான் நல்லது. வேறு வழியில்லை என்றால் அரை மீட்டர் ஆழம் தோண்டி மூட வேண்டும். காகிதத்தைக் காட்டில் போட்டுவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது.

எந்த மாதம் நல்லது?

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. வெயில் மிதம், ஹெர்வி விரிகுடாவில் திமிங்கிலங்களும் வரும். ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவில் நடுங்கும். டிசம்பர், ஜனவரியில் கூட்டம், மழை, 'மார்ச் ஈ' என்று இங்கே சொல்லும் கடிக்கும் ஈக்கள்.

போன் வேலை செய்யுமா?

சில இடங்களில். ஓத அட்டவணையையும் வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள். அவசரத்துக்கு 000.

எட்டுப் பேர் ஒரே வண்டியில். சண்டை வராமல் இருக்க?

பணத்தைப் பற்றி முதல் மணி நேரத்திலேயே பேசிவிடுங்கள். வண்டிக்கு முன்பணம் பிடித்து வைப்பார்கள். யாரோ ஒருவர் ஓடை வெட்டில் வேகமாக விட்டு ஸ்பிரிங்கை உடைத்தால், அதை ஓட்டியவர் கட்டுவதா எல்லோரும் பகிர்வதா? சம்பவம் நடந்த பிறகு பேசினால் நட்பும் போகும், பணமும் போகும். எல்லோரும் பகிர்வது என்று வைத்துக்கொண்டால் ஓட்டுகிறவரை மற்ற ஏழு பேரும் தானாகவே கண்காணிப்பார்கள். ஓட்ட விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். ஓட்டாதவர் பாத்திரம் கழுவட்டும், நியாயம்தான்.

இன்னொன்று: தீவின் மக்களுக்கு மூன்று நெறிகள் உண்டு. மண்ணுக்கு எது நல்லதோ அது முதலில். உன்னுடையது அல்லாததைத் தொடாதே, எடுக்காதே. நிறைய இருந்தால் பகிர்ந்துகொள். மூன்றாவதை பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்து வைக்கும் நண்பருக்கு வாசித்துக் காட்டலாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படகிலிருந்து இறங்கியதும் டயரில் காற்றேற்றுங்கள். அடிப்பாகத்தை நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் அதற்கென்று தனியாகப் பிடிப்பார்கள். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி, கண்ணாடி, ரிம், அடிப்பாகம் எல்லாம் வீடியோ எடுத்திருப்பீர்கள், அதே வரிசையில் மறுபடி எடுங்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுங்கள், யாருடைய பாஸ்போர்ட்டாவது இருக்கும்.

முன்பணம் யாருடைய கார்டில் பிடித்தார்களோ அவர் ஊரைவிட்டுப் போகும் முன் கணக்கை முடித்துவிடுங்கள். அவர் அடுத்த வாரம் பெருவில் இருப்பார்.